விஞ்ஞான வரலாற்றில் வாழ்க்கைத்துணைவியர்: ஒரு நோக்கு

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் பெயர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு விதி, ஒரு மூலகம், ஒரு கோட்பாடு என்பன ஒவ்வொன்றும் தனிமனிதர் ஒருவரின் பெயரோடு பிணைக்கப்பட்டே மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றன. ஆயின் ஆய்வு என்பது ஒருவர் தனித்து நின்று முடிக்குங் காரியமன்று. அளவீடுகளைப் பதிந்தவர், பிறமொழி நூல்களைப் பெயர்த்துத் தந்தவர், கருவிகளைப் படமாக வரைந்தவர், இரவு முழுதும் தொலைகாட்டியின் அருகே விழித்திருந்தவர் எனப் பலரது உழைப்பு ஒவ்வொரு கண்டுபிடிப்பின் பின்னாலும் உண்டு. ஆய்வுகூடம் வீட்டின் ஒரு பகுதியாக இருந்த காலத்தில், அவ்வுழைப்பை நல்கியவர் பல இடங்களிலே விஞ்ஞானியின் மனைவியாகவே இருந்தார்.

இப்பெண்களை வரலாறு முற்றாக மறந்துவிட்டது என்று கூறுதல் பொருந்தாது. அவர்களைப் பற்றிய புகழுரைகளுக்குக் குறைவில்லை. கணவனின் இன்பதுன்பங்களிற் பங்குகொண்ட உத்தமி, தன்னலங் கருதாத துணைவி என்றெல்லாம் அவர்கள் பாராட்டப்பட்டனர். உண்மையில் இடர்ப்பாடு இப்பாராட்டிலேதான் உள்ளது. பயிற்சியாலும் அறிவாலும் செய்யப்பட்ட ஆய்வுப்பணி மனையறத்தின் பண்பாக மாற்றி உரைக்கப்பட்டபொழுது, அது பணி என்னும் கணக்கிலிருந்தே நீங்கிப்போயிற்று. பதினெட்டாம், பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த மூன்று பெண்களின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்துகின்றது.

மரீ ஆன் லவோசியர்

நவீன இரசாயனவியலின் தந்தை எனப் போற்றப்படும் அந்துவான் லவோசியர் 1771 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் மரீ ஆன் போல்சை மணந்தார். மணமகனுக்கு அப்பொழுது 28 வயது; மணமகளுக்கு 13 வயது. மரீ ஆனின் தந்தையான ஜாக் போல்ஸ், பிரெஞ்சு அரசின் சார்பில் வரி திரட்டுங் குத்தகையாளர் குழுவைச் சேர்ந்தவர், லவோசியரும் அக்குழுவினரே. தாயை இளமையிலே இழந்து கன்னியர் மடத்திற் கல்வி பயின்ற அச்சிறுமியை ஐம்பது வயதான பிரபு ஒருவருக்கு மணம் முடித்து வைக்குமாறு, நிதியமைச்சராக இருந்த உறவினர் வற்புறுத்தினார். அந்நெருக்கடியிலிருந்து மகளை விடுவிக்கும் பொருட்டே தந்தை லவோசியரை நாடினார். எனவே இத்திருமணம் அறிவுத்தோழமையிற் பிறந்ததன்று. அத்தோழமை பின்னர் மரீ ஆன் தமது உழைப்பினால் ஈட்டிக்கொண்டதேயாகும்.

1775 இல் லவோசியர் அரச வெடிமருந்து நிர்வாகப் பொறுப்பினை ஏற்றார். அதன் பயனாகப் பாரிசு நகரின் ஆயுதக் களஞ்சியத்திலே குடியிருக்க இல்லமும் ஆய்வுகூடம் அமைக்க வசதியுங் கிடைத்தன. பகற்பொழுதை வரிக்குத்தகை அலுவல்களும் அரச அலுவல்களும் விழுங்கியமையால், காலை 6 மணி முதல் 9 மணி வரையும் இரவு 7 மணி முதல் 10 மணி வரையுமே அவர் ஆய்வுக்கு ஒதுக்கினார். இந்நேரங்களில் மரீ ஆனும் ஆய்வுகூடத்தில் இருந்து பரிசோதனைகளின் முடிவுகளைப் பதிந்தார். லவோசியரின் ஆய்வேடுகளில் அவரது கையெழுத்தும் காணப்படுகின்றது. இப்பணிக்கென அவர் தம்மை முறையாகப் பயிற்றிக்கொண்டார். இரசாயனவியலைப் புக்கே என்னும் ஆசிரியரிடமும், ஓவியத்தைப் புகழ்பெற்ற ஓவியரான ஜாக் லூயி தாவீதிடமும் கற்றார். ஆங்கில மொழியையும் பயின்றார்.

இவற்றுள் ஆங்கிலப் பயிற்சி பெற்ற முக்கியத்துவத்தை விளங்கிக்கொள்வதற்கு அக்கால இரசாயனவியலின் நிலையை நோக்குதல் வேண்டும். எரியும் பொருள்கள் அனைத்திலும் பிளோஜிஸ்தன் என்ற ஒன்று உறைகின்றது என்றும், எரியும்பொழுது அது வெளியேறுகின்றது என்றும் அறிஞர் நம்பினர். ஆனால் உலோகத்தைக் காற்றிலே சூடாக்கினால் அதன் நிறை கூடுகின்றது. ஒன்று வெளியேறியிருப்பின் நிறை கூடுவதெவ்வாறு? எரியும் பொருள் காற்றின் ஒரு கூறுடன் சேர்கின்றது என்பதே லவோசியர் கண்ட விடை. அக்கூறுக்கே அவர் ஒட்சிசன் எனப் பெயரிட்டார். வாயுக்கள் பற்றிய முதன்மையான ஆய்வுகள் பல, பிரீஸ்ட்லி, கவெண்டிஷ் ஆகியோரால் இங்கிலாந்திலே நிகழ்ந்தன. லவோசியருக்கோ ஆங்கிலந் தெரியாது. எதிரணியினர் எழுதியவற்றை அவர் அறிந்தது பெரும்பாலும் மனைவியின் மொழிபெயர்ப்பின் வாயிலாகவே ஆகும்.

அயர்லாந்து அறிஞரான ரிச்சட் கேர்வன் 1787 இல் பிளோஜிஸ்தன் கொள்கைக்கு ஆதரவாக ஒரு நூலை வெளியிட்டார். மறு ஆண்டே அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்புப் பாரிசில் வெளிவந்தது. பகுதிதோறும் லவோசியரும் லப்லாஸ், மொஞ்ச், பெர்தொலே, ஃபூர்குருவா, கித்தோன் தெ மோர்வோ ஆகியோரும் எழுதிய மறுப்புரைகள் அதிற் சேர்க்கப்பட்டிருந்தன. எதிரியின் நூலையே களமாகக் கொண்டு அவனது கொள்கையை வெல்லும் அம்முயற்சிக்கு அடித்தளமாக அமைந்தது மரீ ஆனின் மொழிபெயர்ப்பே. முன்னுரையும் சில குறிப்புகளுங்கூட அவர் எழுதியவையே. ஆயினும் நூலின் முகப்பில் அவர் பெயர் இல்லை. சில ஆண்டுகளின் பின், 1791 இல், கேர்வன் தமது கொள்கையைக் கைவிட்டார்.

1789 இல் லவோசியரின் இரசாயனவியல் அடிப்படை நூல் வெளிவந்தது. அதன் இறுதியில் இடம்பெற்ற 13 படத்தகடுகளையும் மரீ ஆனே வரைந்து செப்புத்தகட்டிற் செதுக்கினார். அவற்றை வெறும் அலங்காரமாகக் கருதலாகாது. புதிய இரசாயனவியல் துல்லியமான கருவிகளைச் சார்ந்தது. பனிக்கட்டிக் கலோரிமானியையும் வாயுமானியையும் நேரிற் காணும் வாய்ப்பு ஐரோப்பிய அறிஞர் பலருக்கும் இருக்கவில்லை. ஒரு பரிசோதனையை மற்றோர் ஊரிலே மீளச் செய்து பார்க்க விரும்பியவருக்கு, உரிய அளவுப்படி வரையப்பட்ட அப்படங்களே வழிகாட்டின. ஒவ்வொரு தகட்டின் அடியிலும் சிறிய எழுத்துகளிலே போல்ஸ் லவோசியர் செதுக்கியது என்ற குறிப்பு உள்ளது. அம்மாபெரும் நூலில் அவரது உழைப்பை அறிவிக்கும் கையொப்பம் அதுவே.

சுவாசம் பற்றிய பரிசோதனைகளைக் காட்டும் இரு சித்திரங்களையும் அவர் வரைந்துள்ளார். அவற்றிலே பரிசோதனை நடைபெறும் அறையின் ஒரு பக்கத்தில், மேசை முன் அமர்ந்து குறிப்பெடுக்கும் பெண்ணாகத் தம்மையும் அவர் சேர்த்துள்ளார். 1788 இல் தாவீது தீட்டிய பேரோவியமும் இத்தொடர்பில் நோக்கற்பாலது. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையிலுள்ள அவ்வோவியத்தில் லவோசியர் கையில் எழுதுகோலுடன் மனைவியை நிமிர்ந்து நோக்குகின்றார். மரீ ஆனோ கணவனின் தோளிற் கையூன்றி நின்று, பார்ப்பவரை நேராக நோக்குகின்றார். அவருக்குப் பின்னாலுள்ள நாற்காலியில் அவரது சித்திரக் கோவை சாய்ந்து கிடக்கின்றது. அந்நூதனசாலையினர் 2021 இல் வெளியிட்ட ஆய்வு, மேற்பூச்சின் கீழே முதலில் தீட்டப்பட்ட வேறொரு கோலம் மறைந்திருப்பதைக் கண்டறிந்தது. அதில் விஞ்ஞானக் கருவிகள் இல்லை. மரீ ஆனின் தலையிலே நாகரிகத் தொப்பியொன்று இருந்தது. செல்வத் தம்பதியராகத் தொடங்கப்பட்ட ஓவியம் விஞ்ஞானத் தம்பதியராக மாற்றப்பட்டது என்பது இதனாற் புலனாகின்றது.

பிரெஞ்சுப் புரட்சியின் சீற்றம் வரிக்குத்தகையாளரை விட்டுவைக்கவில்லை. 1793 நவெம்பரில் லவோசியர் சிறைப்பட்டார். 1794 மே 8 ஆந் திகதி, கணவனும் தந்தையும் ஒரே நாளிற் கொலைக்களத்தில் தலை துணிக்கப்பட்டனர். சொத்துகளும் நூல்களும் கருவிகளும் பறிமுதலாயின. மரீ ஆனும் சிலகாலஞ் சிறையில் வைக்கப்பட்டார். விடுதலை பெற்றபின் உடைமைகளை மீட்கப் போராடிய அவர், லவோசியர் தொகுக்கத் தொடங்கிய ஆய்வுக் கட்டுரைகளை இரு தொகுதிகளாக நிறைவு செய்து அறிஞருக்கு அனுப்பினார். அதற்கு முன்னுரை எழுத முன்வந்தவர், லவோசியரின் அழிவுக்குக் காரணமானோரைக் கண்டிக்க இசையாதபொழுது, முன்னுரையைத் தாமே எழுதினார். பின்னர் பௌதிகவியலறிஞரான ரம்போர்ட் பிரபுவை மணந்தும் லவோசியர் என்ற பெயரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மணவாழ்வு 1809 இற் பிரிவில் முடிந்தது. மரீ ஆன் 1836 இற் காலமானார்.

மார்கிறட் ஹக்கின்ஸ்

லவோசியரின் நூல் வெளிவந்து சரியாக நூறாண்டுகளின் பின், 1889 இல், இலண்டனில் ஒரு வானியற் கட்டுரை வெளியாயிற்று. ஓரியன் வான்முகிலின் நிறமாலை பற்றிய அக்கட்டுரையில் வில்லியம் ஹக்கின்ஸ், மார்கிறட் ஹக்கின்ஸ் என இரு பெயர்களும் ஒருங்கே காணப்பட்டன. கணவனும் மனைவியும் இணைந்து ஒரே தொலைகாட்டியிற் பணியாற்றத் தொடங்கிய பதினான்கு ஆண்டுகளின் பின்னரே இது நிகழ்ந்தது.

வில்லியம் ஹக்கின்ஸ் திருமணத்திற்கு முன்பே புகழ்பெற்றவர். சில வான்முகில்கள் விண்மீன் கூட்டங்களல்ல, ஒளிரும் வாயுக்களே என்பதை 1864 இல் நிறமாலையின் துணைகொண்டு நிறுவியவர் அவர். 1875 இல், தமது 51 ஆவது வயதில், டப்ளின் நகரைச் சேர்ந்த 27 வயதான மார்கிறட் லின்ட்சேயை மணந்தார். தென் இலண்டனில் ரல்ஸ் ஹில் என்னுமிடத்தில் அவர்களது இல்லத்துடன் இணைந்த வானாய்வகம் இருந்தது.

1876 முதல் அவ்வானாய்வகத்தின் குறிப்பேடுகளிலே மார்கிறட்டின் கையெழுத்துத் தோன்றுகின்றது. இதே காலத்தில் ஆய்வின் முறையும் மாறியது. கண்ணால் நோக்கிக் குறித்துவந்த நிறமாலைகளை உலர்தட்டுகளில் ஒளிப்படமாகப் பதியும் முறை கைக்கொள்ளப்பட்டது. வேகா முதலான வெண்ணிற விண்மீன்களின் நிறமாலையில், கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த பகுதியிலுள்ள ஐதரசன் கோடுகள் இவ்வாறே பதியப்பட்டன. இம்மாற்றத்தின் பெருமை நெடுங்காலம் கணவனுக்கே உரியதாகக் கருதப்பட்டது. குறிப்பேடுகளை ஆராய்ந்த பாபரா பெக்கர் என்னும் வரலாற்றாசிரியர், ஒளிப்பட முறைகளைத் திட்டமிடுவதிலும் கருவிகளை மாற்றியமைப்பதிலும் மார்கிறட் முன்னின்று செயற்பட்டார் என்பதை எடுத்துக்காட்டியுள்ளார்.

அவ்வாறாயின் உதவியாளர் என்ற தோற்றத்தை ஏற்படுத்தியவர் யார்? விடை வியப்பூட்டுவது. வெளியுலகின் முன் அத்தோற்றத்தைப் பேணியவருள் மார்கிறட்டும் ஒருவர். விக்ரோறியா மகாராணி காலத்துச் சமூகத்தில் மனைவியின் பெருமை அடக்கத்திலே தங்கியிருந்தது. குறிப்பேட்டிலே கருத்து வேறுபாட்டையும் தமது யோசனையையும் தயங்காது எழுதிய அப்பெண்மணி, அச்சிலே தம்மைக் கணவனின் நிழலாகக் காட்டினார். குறிப்பேடு ஒன்று கூற அச்சு வேறொன்று கூறுமாயின், குறிப்பேட்டையே வரலாற்றாசிரியர் நம்புதல் வேண்டும்.

1897 இல் வில்லியத்திற்கு வீரப்பட்டம் வழங்கப்பட்டபொழுது, திறமைமிக்க மனைவியின் ஒத்துழைப்போடு அவர் ஆற்றிய பணிக்காகவே அது வழங்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஒத்துழைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது, பட்டமோ ஒருவருக்கே வழங்கப்பட்டது. 1899 இல் வெளிவந்த விண்மீன் நிறமாலைத் தொகுதி இருவர் பெயரையும் தாங்கியது. 1903 இல் வேத்திய வானியற் கழகம் மார்கிறட்டைக் கௌரவ உறுப்பினராக்கிற்று. ஏனைய உறுப்பினரைப் போன்று முழுவுரிமையுடன் பெண்களைச் சேர்க்க அக்கழகம் முன்வந்தது 1916 இலேதான். மார்கிறட் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.

இத்தடை வெறும் வழக்கம் மட்டுமன்று. சட்டத்தின் வடிவையும் அது பெற்றிருந்தது. மின்வில் பற்றிய ஆய்வினாற் பெயர்பெற்ற ஹேர்தா ஏட்டனின் பெயர் 1902 இல் இலண்டன் வேத்தியற் கழகத்தின் உறுப்புரிமைக்கு முன்மொழியப்பட்டது. அவர் பேராசிரியர் ஒருவரின் மனைவி. மணமான பெண் சட்டத்தின் முன் தனியாள் அல்லள் என்ற காரணத்தால் அம்முன்மொழிவு தள்ளப்பட்டது. அப்பொழுது கழகத்தின் தலைவராக வீற்றிருந்தவர் வில்லியம் ஹக்கின்ஸ் என்பது குறிப்பிடத்தக்கது. அதே கழகம் 1906 இல் ஹேர்தாவுக்குப் பதக்கம் வழங்கியது. ஆய்வு செய்யலாம், பதக்கமும் பெறலாம், உறுப்பினராக மட்டும் ஆகலாகாது என்ற இம்முரண்பாடு நீங்கி, 1945 இலேயே அக்கழகத்தின் வாயில் பெண்களுக்குத் திறந்தது.

எஸ்தர் லெடர்பேர்க்

இருபதாம் நூற்றாண்டில் ஆய்வுகூடம் வீட்டைவிட்டுப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. பெண்கள் கலாநிதிப் பட்டம் பெற்றனர்; கட்டுரைகளில் அவர்களது பெயர்களும் இடம்பெற்றன. எனவே பழைய நிலை நீங்கியிருத்தல் வேண்டுமென எண்ணத் தோன்றும். எஸ்தர் லெடர்பேர்க்கின் வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கின்றது.

1922 இல் நியூயோர்க்கிற் பிறந்த எஸ்தர் சிம்மர், 1946 இல் பிறப்புரிமையியல் அறிஞரான ஜோசுவா லெடர்பேர்க்கை மணந்தார். 1950 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பற்றீரியாவினுள்ளே தங்கி, அதன் பரம்பரைப் பொருளோடு இணைந்து உறங்கிக் கிடக்கக்கூடிய இலம்டா என்ற வைரசைக் கண்டறிந்து 1951 இல் அறிவித்தவர் அவரே. பரம்பரையலகுகள் எவ்வாறு இயங்கவும் அடங்கவுஞ் செய்கின்றன என்பதை ஆராய்ந்தோர்க்குப் பின்னர் இவ்வைரசு இன்றியமையாத கருவியாயிற்று.

1952 இல் கணவனும் மனைவியும் இணைந்து வெளியிட்ட மற்றொரு முறை அதன் எளிமையினாற் சிறப்புற்றது. வளர்ப்புத் தட்டொன்றிலே தோன்றிய பற்றீரியாக் கூட்டங்களின் மேல் வெல்வெற்றுத் துணியை மெல்ல அழுத்தினால், துணியின் நுண்ணிய மயிர்கள் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் சில உயிரிகளை எடுத்துக்கொள்கின்றன. அத்துணியைப் புதிய தட்டுகளில் ஒற்றினால் முத்திரை பதித்தாற்போல அதே ஒழுங்கில் அவை வளர்கின்றன. ஸ்ரெப்ரோமைசின் கலந்த தட்டிற் பிழைத்த கூட்டம் எதுவென்று கண்டு, மூலத்தட்டில் அதே இடத்தை ஆராயலாம். மருந்தை ஒருபோதும் சந்தியாத அம்மூலக்கூட்டத்திலேயே எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே இருந்தமை இதனால் நிறுவப்பட்டது. மருந்து எதிர்ப்பாற்றலைத் தோற்றுவிப்பதில்லை. முன்னரே உள்ளதைத் தெரிவுசெய்கின்றது.

1956 இல் இலினோயிஸ் மாநிலப் பற்றீரியவியலாளர் சங்கம் தனது பாஸ்ரர் விருதை இருவருக்கும் சேர்த்தே வழங்கிற்று. இரண்டாண்டுகளின் பின் ஜோசுவாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜோர்ஜ் பீடில், எட்வேட் ரேற்றம் ஆகியோரும் அப்பரிசிற் பங்குகொண்டனர். பற்றீரியாக்களிடையே பரம்பரைப் பொருள் கலக்கின்றது என்னும் ஜோசுவாவின் முதற் கண்டுபிடிப்பு 1946 இல் ரேற்றத்துடன் இணைந்து செய்யப்பட்டது. அதில் எஸ்தருக்குப் பங்கில்லை என்பது நேர்மையுடன் கூறப்படவேண்டியது. ஆயின் பற்றீரியாவின் பரம்பரைப் பொருளின் அமைப்புப் பற்றிய ஆய்வும் பரிசுக்குரிய காரணமாகக் காட்டப்பட்டது. அத்துறையில் எஸ்தரின் ஆய்வு ஒதுக்கத்தக்கதன்று.

1959 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திற்கு இருவருஞ் சென்றனர். ஜோசுவா புதிய துறையொன்றின் தலைவரானார். எஸ்தருக்கோ இறுதிவரை நிரந்தரப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. 1966 இல் மணவாழ்வு முறிந்தது. ஆயினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. பிளாஸ்மிட்டு எனப்படும் பரம்பரைக் கூறுகளைப் பேணி உலகெங்குமுள்ள ஆய்வாளருக்கு உதவிய நிலையமொன்றை 1976 முதல் 1986 வரை நடத்தினார். 2006 இல் அவர் காலமானார். மரீ ஆனுக்கு முகப்பில் இடம் மறுக்கப்பட்டது. எஸ்தரின் பெயரோ அச்சில் இருந்தும், ஒரே குடும்பப் பெயர் இருவரையும் ஒருவராக்கிவிட்டது.

சான்றும் மிகையும்

மறைக்கப்பட்டதை மீட்க விழைவோர் மற்றோர் அபாயத்தையும் மனங்கொள்ளல் வேண்டும். சான்று இல்லாதவிடத்து ஊகத்தை உண்மையாக்குதல் நீதியாகாது. ஐன்ஸ்ரைனின் முதல் மனைவியான மிலேவா மரிச் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சூரிச்சில் அவருடன் பௌதிகவியல் பயின்றவர் அவர். இருவரது மடல்கள் 1987 இல் அச்சேறிய பின்னர், சார்புக் கொள்கையின் உண்மையான படைப்பாளி மிலேவாவே எனச் சிலர் வாதிட்டனர். ஆய்வு பற்றி ஐன்ஸ்ரைன் பன்மையில் எழுதிய சில தொடர்கள் மடல்களில் உள்ளன. ஆயினும் அக்கொள்கையை மிலேவா வகுத்தார் என்பதற்குரிய சான்று அவற்றில் இல்லையென்றே வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கருதுகின்றனர். ஐயத்திற்குரிய உரிமைக்கோரிக்கை ஒன்று, ஐயத்திற்கிடமற்ற பத்துப் பேரின் உழைப்பையும் ஐயத்திற்குள்ளாக்கிவிடும். மரீ ஆனுக்குச் செதுக்கிய தகடுகளும், மார்கிறட்டுக்குக் குறிப்பேடுகளும், எஸ்தருக்கு அச்சேறிய கட்டுரைகளும் சான்றாக நிற்கின்றன. அவர்களது பெருமையை நிலைநாட்ட மிகையுரை எதுவும் வேண்டியதில்லை.

இம்மூவரும் விஞ்ஞானிகளின் மனைவியராக இருந்தமையால் அறியப்பட்டனர். அதே காரணத்தால் அறியப்படாமலும் போயினர். திருமணம் அவர்களுக்கு ஆய்வுகூடத்தின் வாயிலைத் திறந்தது. பல்கலைக்கழகமும் அறிஞர் கழகமும் பெண்களுக்கு அடைக்கப்பட்டிருந்த காலத்தில் அதைவிட வேறு வாயில் இருந்ததில்லை. ஆனால் அவ்வாயிலால் நுழைந்தவரின் உழைப்பு, நுழைந்த கணத்திலிருந்தே இல்லக் கடமையாக எண்ணப்பட்டது. எனவே வரலாற்றாசிரியர் செய்யவேண்டியது புகழ்ச்சியைக் கூட்டுதலன்று, சொல்லை மாற்றுதலே. உற்ற துணைவி என்ற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் என்றும், செதுக்குநர் என்றும், வானாய்வாளர் என்றும், பற்றீரியவியலாளர் என்றும் எழுதுதல் வேண்டும்.

அறிவுத்துறை நூல்கள் பலவற்றின் முன்னுரைகளிலே, கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சிட்டும் அச்சுப்படிகளைத் திருத்தியும் உதவிய மனைவிக்கு நன்றி கூறும் இறுதி வரியொன்று இடம்பெறுவதுண்டு. எல்லா உழைப்பும் ஆசிரியத்துவம் ஆகிவிடாது என்பது உண்மையே. ஆயினும் அவ்வரியின் பின்னே எத்துணைப் பணி அடங்கியுள்ளது என்று வினவும் கடப்பாடு அந்நூல்களைப் பயில்வோர்க்கு உண்டு. லவோசியரின் நூலைப் புரட்டுவோர் படத்தகட்டின் அடியிலுள்ள சிற்றெழுத்துகளையும் வாசிக்கப் பழகுவார்களாயின், விஞ்ஞான வரலாறு இப்போதுள்ளதைவிட உண்மைக்கு நெருங்கியதாக அமையும்.